திருவிழாவில் கூத்து வேண்டுமா, இன்னிசைக் கச்சேரி போதுமா?

12.04.2024 – ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஊர் செய்யாற்றுக்கு மேற்கே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் ஆடி மாதம் பாரதம் வைத்து, பகலில் பிரசங்கமும் இரவில் பத்து நாள் கூத்தும் நடத்துவது வழக்கம். இந்த ஆண்டு கூத்தை நிறுத்திவிட்டு இரண்டு நாள் இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் இளைஞர்கள் கேட்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கூத்துப் பார்க்க முப்பது பேர்கூட இருப்பதில்லை என்பது அவர்கள் வாதம். அதை என்னால் மறுக்க முடியவில்லை. நானும் கூத்துப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனாலும் ஒரு கலையைத் தாங்க வேண்டியது அரசாங்கமா, ஐந்நூறு தலைக்கட்டு (வரி கொடுக்கும் குடும்பம்) உள்ள ஓர் ஊரா? அடுத்த கூட்டத்தில் நான் என்ன சொல்வது?

12.04.2024, இரவு

கூத்தை நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் பதில். வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழாக் கணக்கை 2016 முதல் நான் எழுதி வருகிறேன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற ஆண்டு ஓர் இரவுக் கூத்துக்கு நாங்கள் கொடுத்தது 28,000 ரூபாய். பதினான்கு பேர் வந்தார்கள். வேன் வாடகை 4,000 ரூபாயும், கட்டைகள் என்னும் மர அணிகளும் உடைகளும் அடங்கிய பெட்டிக்கு உரிய பங்கு 2,500 ரூபாயும் போக, ஆளுக்குச் சராசரியாக 1,500 ரூபாய் கிடைத்திருக்கும். இரவு பத்து மணிக்கு மேளக்கட்டு என்னும் முன்னிசையில் தொடங்கி விடியும்வரை பாடி, ஆடி, வசனம் பேசியவர்களுக்கு அதுதான் கூலி. அதே திருவிழாவில் நான்கு மணி நேரம் நடந்த இன்னிசைக் கச்சேரிக்கு மேடை, ஒலி, ஒளி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் ஆனது.

உங்கள் ஊருக்கும் இதே விலை என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் கூத்துக்கு 2,80,000 ரூபாய், இரண்டு நாள் கச்சேரிக்கு 2,20,000 ரூபாய். மிச்சம் 60,000 ரூபாய். ஐந்நூறு தலைக்கட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 120 ரூபாய் வருகிறது. அந்த 120 ரூபாய்க்காகத்தான் எட்டு இரவுகளை விடப்போகிறோமா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

13.04.2024

நேற்று எழுதியதில் பிழை இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வந்தவர்கள் பதினாறு பேர். முகவீணை என்னும் சிறு நாயனம் ஊதுகிறவரையும், வேடம் கட்ட உதவும் பையனையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஆகவே ஆளுக்குக் கிடைத்தது 1,350 ரூபாய்க்கும் குறைவு. முகவீணைக்காரரை மறந்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்ளும் குழுக்களே இப்போது அதிகம். முகவீணை வாசிக்க ஆள் வைத்திருக்கும் வாத்தியார் (குழுவை நடத்துகிறவர்) தன் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் அவரைக் காப்பாற்றி வருகிறார்.

15.04.2024

‘முப்பது பேர்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. அதனால் 2019இல் மூன்று இரவுகள் உட்கார்ந்து தலைகளை எண்ணினேன். பதினோரு மணிக்கு முந்நூறுக்கு மேல் இருந்த கூட்டம் இரண்டு மணிக்கு நாற்பதாகக் குறைந்தது. நான்கரை மணிக்கு மறுபடியும் இருநூறைத் தாண்டியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்கள், பால் கறக்க எழுந்தவர்கள், முதல் பேருந்துக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் எந்தக் கட்டம் எப்போது வரும் என்று தெரிந்து வந்து நின்றார்கள். இடையில் தூங்குவதும் எழுந்து போவதும் திரும்பி வருவதும் கூத்துப் பார்க்கும் முறையிலேயே அடங்கியவை. இரண்டு மணிக்கு வந்து எண்ணுகிறவர் கண்ணுக்குக் கூத்து நடக்கும் களமான களரி காலியாகத்தான் தெரியும்.

அந்த ஆண்டு துகில் உரிதல் நடந்த இரவில் திரைக்குப் பின்னால் நின்றேன். துச்சாதனன் வேடம் கட்டியவர் பகலில் கொத்தனார் வேலை செய்கிறவர். பெட்டியின்மேல் சாய்த்து வைத்த கைக்கண்ணாடியைப் பார்த்துச் சிவப்பை எண்ணெயில் குழைத்து முகத்தில் தீட்டிக்கொண்டு, புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளிகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக வைத்தார். புஜக்கட்டையைக் கட்டுகிறபோது கயிற்றை இன்னும் இழுக்கச் சொன்னார். முந்தைய இரவின் தழும்பு தோளில் ஆறவில்லை என்பதைக் கண்டேன். கட்டை என்றால் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்: மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றை அப்படிச் சொல்வார்கள். அதை அணிந்தவுடன் ஒரு மனிதன் ஒன்றரை மடங்கு பெரியவனாகத் தெரிகிறான்.

திரௌபதியின் சேலையைத் தொடும் கட்டம் வந்ததும் அவர் ஆட்டத்தை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றி, பெண் வேடம் கட்டியிருந்தவரின் காலில் விழுந்து எழுந்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டு, இது வேடத்துக்காகச் செய்வது, தாய் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். முன் வரிசையிலிருந்த ஒரு பாட்டி தலைக்கு மேல் கைகூப்பி அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், கூத்துக்குச் செலவு செய்வது வீண் என்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் வாதிட்ட இளைஞர் ஒருவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

16.04.2024

விடிய விடிய நடத்தக் காவல் நிலையத்தில் அனுமதி எப்படி வாங்குகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடினமான கேள்வி. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய நிகழ்ச்சிகளுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை, மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். விடியும்வரை நடக்க வேண்டிய ஒரு கலைக்கு இந்த விதிக்குள் இடம் இல்லை. நோயாளிகளுக்காகவும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் வந்த விதி என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்க்கோடிக் களரியில் நடக்கும் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும், ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிய கச்சேரிக்கும் நடைமுறையில் ஒரே அளவுகோல் வைப்பது சரியாகப் படவில்லை.

2022இல் எங்களுக்குப் பத்து மணிக்கு மேல் அனுமதி கிடைக்கவில்லை. பத்து மணிக்கு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, களரியைச் சுற்றிப் பாயை நெருக்கமாக விரித்து, வெறும் குரலில் தொடர்ந்தார்கள். பின்பாட்டுக்காரர்களின் குரல் இருநூறு பேருக்குக் கேட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றே பழகிவிட்ட இளைய நடிகர் இருவர் மட்டும் திணறினார்கள். வாத்தியார் அவர்களுக்கு அடுத்த நாள் காலையில் ஏரிக்கரையில் பயிற்சி கொடுத்தார்.

17.04.2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஐந்து மணி நேரமாகச் சுருக்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். 2023இல் சில இரவுகளில் அதையும் செய்து பார்த்தோம். ஏழு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்தோம். கூட்டம் நன்றாக வந்தது. குழந்தைகள் கடைசிவரை விழித்திருந்தார்கள். இழந்தது என்னவென்றால் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன். கதை ஓட வேண்டும் என்பதற்காக முதலில் வெட்டுவது அவன் பகுதியைத்தான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடையையும் ஏரி மராமத்தையும் பேசக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவன் போனால் பாரதம் எங்கோ நடந்த கதையாகிவிடுகிறது. எனவே பத்து நாளில் ஏழு நாளைச் சுருக்கலாம், மூன்று நாளையாவது முழு இரவாக விட வேண்டும் என்பதே என் இப்போதைய கருத்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு நாளைக்கூடச் சுருக்கச் சம்மதித்திருக்க மாட்டேன்.

21.04.2024

“விருது கொடுப்பதும் விழா எடுப்பதும் அரசு, அவர்களே காப்பாற்றட்டும்” என்று எழுதியவருக்கு. விருதுகளால் பெருமை கிடைத்தது உண்மை. புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது வந்தபோது அது இந்த மாவட்டத்துக் கூத்தர் அனைவருக்கும் வந்த மரியாதையாக இருந்தது. அதற்கு முன்பே எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்துவிட்டு எழுதிய எழுத்தும், 1977இல் அவர் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவும், கூத்து என்றால் முகம் சுளித்த நகரத்துப் படிப்பாளிகளை மாற்றின. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலையொட்டி மீண்டும் வந்த சென்னை சங்கமம் கலை விழாவில் எங்கள் பக்கத்துக் குழுக்களும் ஆடின.

ஆனால் நகரத்து மேடையில் கொடுப்பது இருபது நிமிடம், அரை மணி நேரம். அதற்கு எடுப்பான ஆட்டத் துண்டு ஒன்று போதும். ஓர் இரவு முழுவதற்கும் வேண்டிய பாட்டும் விருத்தமும் வசனமும் யாருக்காவது நினைவில் இருக்க வேண்டுமானால், அவற்றை முழுதாகக் கேட்கும் ஓர் ஊர் இருக்க வேண்டும். தை மாதத்தில் வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்து, “எங்கள் ஊருக்குப் பத்து நாள்” என்று சொல்லும் ஊரைத்தான் சொல்கிறேன். அந்தப் பாக்கு குறையும்போது வாத்தியார் ஆட்களைக் குறைக்கிறார், ஆட்கள் குறையும்போது நாடகங்கள் குறைகின்றன.

22.04.2024

நேற்று அரசைப் பற்றி எழுதியதில் நியாயம் போதவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தது பங்குனியில்; கூத்துக்காரர்களின் வருமானம் முழுவதும் பங்குனியிலிருந்து ஆடிக்குள் வருவது. பாக்கு வைத்த ஊர்கள் எல்லாம் திருவிழாவை நிறுத்தின. சில ஊர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டன. எங்கள் ஊரும் கேட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றாலும், கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அந்த நேரத்தில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருந்தவர்களுக்கு அரசு உதவி வந்தது. அந்த வாரியம் 2007இல் அமைந்தது. கல்வி, திருமணம், விபத்து, ஈமச்சடங்கு எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. முகவீணைக்காரரின் மகள் கல்லூரிக்குப் போனதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது.

ஆகவே திருவிழாக் குழுவினர் செய்யக்கூடிய எளிய உதவி ஒன்று இருக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் குழுவில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது என்று கேளுங்கள். எங்களிடம் வந்த பதினாறு பேரில் ஒன்பது பேரிடம் இல்லை. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாததும்தான் காரணம். எங்கள் ஊரில் கணினி நிலையம் வைத்திருக்கும் பெண் ஒருவர் ஒரே மதியத்தில் ஒன்பது பேருக்கும் தாள்களைச் சரிசெய்து கொடுத்தார். செய்யாறு, ஒரகடம் பக்கத்தில் தொழிற்சாலைகள் இவ்வளவு வந்திருக்கும்போது, அவற்றையும் கேட்கலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் மரபுக் கலைகளும் இருக்கின்றன. நாங்கள் இன்னும் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

02.05.2024

பத்து நாளாக ஒன்றை எழுதத் தயங்கினேன். “ஊர் வரி கொடுத்தால் கலை நிற்கும்” என்பது என் வாதத்தின் அடிப்படை. அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் பூட்டி முத்திரையிட்டார்கள். தலித் மக்கள் உள்ளே போவதை எதிர்த்ததால் எழுந்த பிரச்சினை அது. அங்கே இருப்பதும் எங்கள் திரௌபதிதான், எங்கள் பாரதம்தான்.

எங்கள் ஊரிலும் 2017வரை காலனித் தலைக்கட்டுகளிடம் வரி கேட்கும் வழக்கம் இல்லை. ஏழைகளிடம் எதற்கு வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்ன காரணம் எனக்கும் நல்ல காரணமாகவே பட்டது. வரி வாங்கினால் கூட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும், பாய் விரிக்க இடம் கொடுக்க வேண்டும், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் நிற்க இடம் கொடுக்க வேண்டும் என்பதை, காலனியிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன். 2018இல் எல்லோரிடமும் வரி கேட்டோம். நாற்பது குடும்பங்கள் எதிர்த்து, தங்கள் வரியை நிறுத்திக்கொண்டன. அந்த ஆண்டு ஏழு நாள்தான் கூத்து நடத்த முடிந்தது. அடுத்த ஆண்டு இருபத்தெட்டுக் குடும்பங்கள் திரும்பி வந்தன, பத்து நாள் நடந்தது. மீதிப் பன்னிரண்டு குடும்பங்கள் இன்னும் கொடுப்பதில்லை. மூன்று இரவுகளை இழந்தாலும் அது சரியான முடிவு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். கேள்வி கேட்ட நண்பர் தம் ஊரின் ஐந்நூறு தலைக்கட்டில் யாரைச் சேர்த்து எண்ணினார் என்று அறிய விரும்புகிறேன்.

03.05.2024

நண்பர் பதில் எழுதியிருக்கிறார்: காலனியைச் சேர்த்தால் அறுநூற்று முப்பது தலைக்கட்டு. கூட்டத்தில் இதைப் பேசுவதாகச் சொல்கிறார். நேர்மையான பதில்.

11.05.2024

எங்கள் திருவிழாவில் இன்று நான்காம் நாள். தூக்கம் குறைவு, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். இளையவர்கள் கற்க வருகிறார்களா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கி, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்பித்தார்கள். 2020இல் அது மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு பள்ளி நடந்து முடிந்திருக்கிறது என்றால் அதில் பயின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய ஏற்பாடு கிடையாது. சனிக்கிழமை மாலைகளில் வாத்தியார் வந்து கோயில் மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்; திருவிழா மிச்சத்திலிருந்து மாதம் 2,500 ரூபாய் கொடுக்கிறோம். ஒன்பது பேரில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். ஒரு பெண்ணின் பாட்டி, வயசுக்கு வரப்போகிற பிள்ளை களரியில் ஆடுவதா என்று மண்டபத்துக்கே வந்து அழைத்துப் போய்விட்டார். அந்தப் பெண் நேற்று அபிமன்யுவாக இருபது நிமிடம் ஆடினாள். கிறுக்கி (வேகமான சுழற்சி) அடிக்கும்போது கட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. சுற்றை நிறுத்தாமலே கையால் நிமிர்த்திக்கொண்டாள். பாட்டி நூறு ரூபாய் மொய் வைத்தார். கட்டியங்காரன் அதைப் பெயர் சொல்லி இரண்டு முறை அறிவித்தான்.

12.05.2024

நேற்றைய குறிப்பில் ‘கட்டைக்கூத்து’ என்றும் மற்ற இடங்களில் ‘கூத்து’ என்றும் எழுதியதைச் சுட்டியிருக்கிறார்கள். ‘தெருக்கூத்து’ என்ற சொல் கலைஞர்களை இழிவுபடுத்தப் பயன்பட்டதால் கட்டைக்கூத்து என்று சொல்ல வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். புரிசையில் தெருக்கூத்து என்றே மன்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் “கூத்து விட்டிருக்கிறோம்” என்பதுதான் வழக்கு. அதைத்தான் எழுதுகிறேன்.

26.05.2024

நண்பர் ஊரில் கூட்டம் முடிந்திருக்கிறது. ஆறு நாள் கூத்து, ஒரு நாள் கச்சேரி, காலனிக்கும் வரி என்று தீர்மானம். பத்து ஆறாகிவிட்டதே என்று அவர் வருந்தி எழுதியிருக்கிறார். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அதே கூட்டத்தில் கச்சேரியைக் கேட்ட இளைஞர்களே கூத்துக் கொட்டகைப் பொறுப்பையும் ஏற்றிருப்பதாகச் சொல்கிறார். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழுவுக்கு இரவு உணவை எட்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள், வேடம் கட்டிய பிறகு சாப்பிட முடியாது. இரண்டு மணிக்குச் சூடாகத் தேநீர் கொடுங்கள். பேசிய பணத்தை விடிந்ததும் வேனில் ஏறுவதற்கு முன்னால் எண்ணிக் கொடுங்கள். “சாயங்காலம் வாருங்கள், கோயிலில் ஆள் இல்லை” என்ற சொல்லை ஒரு வாத்தியார் எத்தனை ஊரில் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு முறை அதை நானே சொல்லியிருக்கிறேன்.

12.08.2024

நண்பர் அழைத்ததால் அவர் ஊர்ப் படுகளத்துக்கு நேற்றுப் போயிருந்தேன். மண்ணால் துரியோதனனைப் படுத்த கோலத்தில் ஏரிக்கரையில் முப்பது அடிக்கு வடித்திருந்தார்கள். விடிய விடிய ஆடிய பீமனும் துரியோதனனும் வேடத்தைக் கலைக்காமலேயே வந்து, அந்த உருவத்தைச் சுற்றி ஓடினார்கள். திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு கூட்டம் தீமிதிக்குக் கலைந்தது. வேன் பக்கத்தில் அந்த இளைஞர்களில் ஒருவர் பணத்தை எண்ணி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வெற்றிலை பாக்கையும் ஐந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் தனியாக எடுத்து நீட்டினார். தை மாதத்தில்தானே பாக்கு வைப்பார்கள் என்று வாத்தியார் கேட்டார். “அதற்குள் வேறு ஊர் கேட்டுவிடும் ஐயா, அடுத்த ஆண்டு எங்களுக்கு எட்டு நாள்” என்றார் அவர்.